பெற்றோர் கூட்டத்தில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், எதைச் சொன்னால் பயன்படும்?

எட்டாம்_பி_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், எட்டாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சரும் நான்தான். எங்களிடம் ஹைடெக் லேப் இருக்கிறது, வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, மணற்கேணி செயலியிலிருந்து பாட வீடியோ போட்டுக் காட்டுகிறேன். ஒளிவிலகலைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியபோது முழித்த பிள்ளைகள், அசைபடத்தைப் பார்த்ததும் அடுத்த கேள்வியை அவர்களே கேட்கிறார்கள். அதனால் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்கிற கட்சி நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசும்படி ஹெச்.எம். என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். கிடைக்கிற ஸ்லைடுகளை எல்லாம் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, முன்பின் தெரியாதவரோடு பேசாதே. எங்கள் பெற்றோரில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மற்றவர்கள் கட்டட வேலை, லோடு வண்டி. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். குரூப்பில் வீட்டுப்பாடம் பார்க்க என்று வாங்குவார்கள், அப்புறம் ஃப்ரீ ஃபயர், ரீல்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். போனில் எந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டில் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். இவர்களிடம் போய் "பேரன்ட்டல் கன்ட்ரோல் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்று. எங்கள் பள்ளியில் நடந்த எதுவும் முன்பின் தெரியாதவரால் நடக்கவில்லை. விளையாட்டு விழா படங்களை வகுப்புக் குரூப்பில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு பெண்ணின் முகத்தை மட்டும் வெட்டி, கீழே அசிங்கமாக ஒரு வரி எழுதி, ஸ்டிக்கராகச் சுற்றவிட்டது அவளோடு படிக்கிற பையன்களே. அந்தப் பிள்ளை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "வீட்டுக்குத் தெரிந்தால் போனைத் தொடவே விட மாட்டார்கள் மிஸ், பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார்கள்" என்கிறாள். வேறு எதைவிடவும் அந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது.

பெற்றோரிடம் என்ன சொல்வது, பள்ளிக்குள் நாங்கள் எதை மாற்றுவது, ஏதாவது நடந்துவிட்டால் முதலில் யாரிடம் போவது? மூன்றுக்கும் பதில் வேண்டும். கடைசிக் கேள்விக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே ஆளுக்கொரு பதில் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவு செய்து எழுதுங்கள்.

லேப்_பொறுப்பாளர்:

டீச்சர், பள்ளிக்குள் மாற்ற வேண்டியதை மட்டும் நான் சொல்கிறேன், என் அன்றாட வேலையே அதுதான்.

லேபில் ஒரே கணினியில் ஒரு நாளைக்குப் பல பிள்ளைகள் மாறி மாறி உட்காருகிறார்கள். ஒருவன் ஜிமெயிலைத் திறப்பான், பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று குரோம் கேட்கும், எதையும் படிக்காமல் சரி என்று அழுத்துவான், மணி அடித்ததும் எழுந்து ஓடிவிடுவான். அந்தக் கணக்கு பெரும்பாலும் அப்பா போனில் இருக்கிற அதே கணக்கு. அடுத்து உட்காருகிற பிள்ளை நினைத்தால் அந்த வீட்டின் மெயில், கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கும் குடும்பப் படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. குரோமை கெஸ்ட் முறையில் திறக்கப் பழக்கிவிட்டால், எல்லா விண்டோவையும் மூடியதும் உள்ளே செய்ததெல்லாம் அந்தக் கணினியிலிருந்து போய்விடும். பிள்ளைகள் பயன்படுத்தும் கணக்குக்கு அட்மின் உரிமை இருக்கக் கூடாது, இல்லையென்றால் கண்டதையும் இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். ஏற்கெனவே எங்காவது திறந்து விட்டுவிட்டு வந்தவர்கள், போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எந்தெந்தச் சாதனத்தில் திறந்திருக்கிறது என்று பார்த்து அங்கிருந்தே வெளியேறலாம்.

பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்கிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். நம் ஊரில் பிறந்த தேதி ரகசியமே இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கவே பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான் கேட்கிறார்கள், ரிசல்ட் அன்று ஒருத்தன் தேதி பத்துப் பேருக்குத் தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்வார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

ஸ்மார்ட் போர்டில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். சொந்த ஜிமெயிலில் அதைத் திறந்து வைத்தால் நாம் வீட்டில் பார்த்த யூடியூப் எல்லாம் வகுப்பு முன்னால் வரிசையாக வந்து நிற்கும். பள்ளிக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போனைத் திரையில் காட்டும்போது டூ நாட் டிஸ்டர்ப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு வாட்ஸப் செய்தியை நாற்பது பிள்ளைகள் படிப்பார்கள். யூடியூபில் பிள்ளைகளுக்குப் பொருந்தாத வீடியோக்களை மறைக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோடு போடுங்கள், அது ஒவ்வொரு சாதனத்திலும், ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாகப் போட வேண்டியது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். வீடியோ முடிந்ததும் தானாக ஓடுகிற அடுத்த வீடியோவில்தான் பல வகுப்புகளில் சங்கடம் வந்திருக்கிறது.

கடைசியாக எமிஸ், மாணவர் விவரங்களைப் பதிகிற நம் கல்வித் துறைத் தளம். பிள்ளையின் ஆதார், சாதி, பெற்றோர் போன் எண், வங்கிக் கணக்கு என்று ஒரு குடும்பத்தின் விவரமே அதில் இருக்கிறது. அந்த ஐடியையும் பாஸ்வேர்டையும் மானிட்டரில் சீட்டாக ஒட்டி வைப்பதும், டைப் அடிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்ட்ரி போடச் சொல்வதும் இன்றோடு நிற்க வேண்டும். விவரம் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு திக்‌ஷா கதையைச் சொல்லுங்கள். மத்திய அரசின் அந்தக் கல்வித் தளத்தின் சேமிப்பகம் ஒன்று பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததையும், லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர்களின் விவரம் அதில் இருந்ததையும் 2023 சனவரியில் வயர்டு இதழ் வெளியிட்டது.

தறிக்கார_வீடு:

நான் ஒரு அம்மா, ஈரோட்டுப் பக்கம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் டீச்சர், அதனால் முதலில் பணத்தைப் பற்றிப் பேசுங்கள், காது கொடுப்பார்கள். அப்புறம் பிள்ளைகள் விஷயத்துக்கு வாருங்கள்.

"உங்கள் மகளுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, கல்வி ஆபீசிலிருந்து பேசுகிறோம்" என்று போன் வரும். பிள்ளை பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகச் சொல்வான், அதனால்தான் நம்பிவிடுகிறோம். ஒரு க்யூஆர் படம் அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வான், போட்டதும் நம் பணம் அவனுக்குப் போய்விடும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, பின் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியைப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930க்கு அடிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் அது கைமாறுவதற்குள் பேங்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது, மறுநாள் சொன்னால் கஷ்டம்.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவி சொன்ன அதே பயம்தான் எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும். பையன் தப்பு செய்தால் பையனுக்குத் திட்டு விழும், பெண்ணுக்குத் தப்பு நடந்தால் பெண்ணுக்கே தண்டனை. இதைக் கூட்டத்தில் அப்பாக்களைப் பார்த்தே சொல்லுங்கள், ஆசிரியர் வாயால் வந்தால் கேட்பார்கள். என் மகளிடம் நான் ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: நீயாக வந்து சொல்கிற எதற்காகவும் போனைப் பிடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன். அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னேன். அதற்கப்புறம் கேமில் எவனோ டயமண்ட் தருகிறேன், ஓடிபி சொல் என்று கேட்டதை அவளே வந்து காட்டினாள்.

இன்னொரு யோசனை. செட்டிங் தெரியாத பெற்றோருக்கு நீங்கள் மேடையிலிருந்து சொன்னால் ஏறாது. பிள்ளைகளையும் கூட்டத்துக்கு வரச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா அப்பா போனில் அங்கேயே மாற்றிக் கொடுக்கட்டும். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, அதில் குரூப்ஸ். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று இருப்பதை என் தொடர்புகள் மட்டும் என்று மாற்றினால் கண்ட கண்ட குரூப்பில் இழுத்துப் போடுவது நிற்கும். சொல்லிக் கொடுக்கிற இடத்தில் பிள்ளை உட்கார்ந்தால் வீட்டில் பேச்சு தானாக ஆரம்பிக்கும்.

மளிகைக்கடை_அப்பா:

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். பத்தாம் வகுப்பு முடிகிற வரை போனே கொடுக்காதீர்கள், பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் கணக்கே வைக்க முடியாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பணக்கார நாடே பயப்படுகிறது, நமக்கு என்ன? நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை, இருவரும் நன்றாகத்தான் படிக்கிறார்கள். வீட்டுப்பாடத்தை வாட்ஸப்பில் போடாமல் டைரியில் எழுதச் சொல்லுங்கள் டீச்சர், பாதிச் சுமை குறையும்.

இரண்டாமாண்டு_மாணவி:

அண்ணா, வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதலாம் என்பதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன் கொடுக்காவிட்டால் பிரச்சினை முடிந்தது என்பதை ஏற்க முடியவில்லை. டீச்சர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். அந்தப் பெண் போனில் என்ன தப்பு செய்தாள்? விளையாட்டு விழாவில் ஓடினாள், பெரியவர்கள் படம் எடுத்துக் குரூப்பில் போட்டார்கள், பையன்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் போனே இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

ஸ்பெயினில் அல்மேந்திராலேஹோ என்று ஒரு சின்ன ஊர். 2023 செப்டம்பரில் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிப் பெண்களின் சாதாரணப் படங்களை, துணியோடு இருக்கிற படங்களை, ஏ.ஐ. செயலியில் போட்டு நிர்வாணமாக மாற்றி வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். செய்தது பெரும்பாலும் அவர்களோடு படித்த பையன்கள். அம்மாக்கள் ஒன்று சேர்ந்து வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் மற்றப் பெண்களும் தைரியமாக முன்னால் வந்தார்கள். 2024இல் அங்குள்ள சிறார் நீதிமன்றம் 15 பேருக்கு ஓராண்டு கண்காணிப்புத் தண்டனை கொடுத்தது. அந்தச் செயலி இங்கே வர விசா தேவையில்லை, இங்கேயும் அதே போன்தான் இருக்கிறது.

அதனால் பள்ளிக்கூடம் பிள்ளைகளின் தெளிவான முகப் படத்தைப் பெயர், வகுப்பு, யூனிஃபார்மோடு பொதுவில் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். பரிசளிப்பு விழா, மார்க் பட்டியல், அடையாள அட்டை தெரிகிற செல்ஃபி எதுவானாலும். தூரத்திலிருந்து கூட்டமாக எடுத்த படம் போதும். அப்புறம் பையன்களிடம் பேசுங்கள் மிஸ், தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். நான் படித்த காலத்தில் எல்லா அறிவுரையும் பெண்களுக்குத்தான் கிடைத்தது, ஸ்டிக்கர் செய்கிறவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மதுரை_வக்கீல்:

டீச்சர், உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இதில் நல்ல மனதோடு செய்கிற காரியமே சிக்கலில் கொண்டுபோய் விடும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் சொன்ன ஸ்டிக்கர் மாதிரி முகமும் கெட்ட வார்த்தையும் மட்டும் என்றால் நிலைமை வேறு. நிர்வாணப் படம், அல்லது முகத்தை ஒட்டி நிர்வாணமாக மாற்றிய படம் என்றால் அது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு கணினியில் உருவாக்கிய, மாற்றிய படமும் அதற்குள் வருகிறது, ஏ.ஐ. செய்தது, நிஜம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் சேரும்.

அப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? ஆதாரத்துக்காகத் தன் போனுக்கு வாங்குவார்கள், ஹெச்.எம்.முக்கு அனுப்புவார்கள், அவர் இன்னொருவருக்கு அனுப்புவார். தயவு செய்து அனுப்பாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது மட்டும் இல்லை, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ 15ஆம் பிரிவில் குற்றமாகலாம். வெறுமனே தரவிறக்கித் தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்று 2024 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்துவிட்டது. படத்தை எடுக்காமல், எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எந்த எண், எந்தக் குரூப், இணைப்பு முகவரி, தேதி, நேரம் இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். படம் எந்தப் போனுக்கு வந்ததோ அந்தப் போனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, பள்ளியிலேயே பேசி முடித்துவிடலாம் என்ற யோசனை வரும். வரத்தான் செய்யும், பள்ளி பெயர் கெடும் என்பார்கள், பெண் வீட்டாரே வேண்டாம் என்பார்கள். போக்சோவில் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், அது 19ஆம் பிரிவு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, மற்றவர்கள் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை. பையன்களும் 18 வயதுக்குக் கீழே என்றால் அவர்கள் சிறார் நீதிச் சட்டப்படிதான் விசாரிக்கப்படுவார்கள். அந்தப் பையனின் வாழ்க்கையே போய்விடுமே என்று பயந்து மறைக்காதீர்கள், அவனைத் திருத்தும் வழியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, சைபர் குற்றம் எதுவானாலும் 1930. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். படம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி இடங்களில் பரவும் என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்காக இயங்கும் என்.சி.எம்.இ.சி. அமைப்பு நடத்துவது. அங்கே படத்தை அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் போனிலேயே படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகி, குறியீடு மட்டும் போகும், சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி மறையாக்கம் உள்ள வாட்ஸப் மாதிரி இடத்தில் இது வேலை செய்யாது.

பெண்ணின் பெயரை எந்தக் குரூப்பிலும், ஆசிரியர் குரூப்பிலும்கூட, எழுத வேண்டாம்.

எட்டாம்_பி_டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். முதலில் ஸ்காலர்ஷிப் அழைப்பு, அப்புறம் பிள்ளைகளை விட்டே போனில் செட்டிங் மாற்றுவது, கடைசியில் அப்பாக்களிடம் அந்த வாக்குக் கேட்பது. போனைப் பிடுங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைக்கப் போகிறேன், சொல்ல மறுக்கிறவரிடம் தனியாகப் பேசுவேன். வக்கீல் சார் எழுதியதை அப்படியே ஹெச்.எம். மேசையில் வைத்தேன், எண்கள் இன்று பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் பையன்கள் பக்கமும் ஒட்டப்பட்டுவிட்டன. பையன்களோடு தனி வகுப்பு இந்த வாரம்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. வகுப்புக் குரூப்பில் எல்லாப் பெற்றோரின் எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது, வேறு பள்ளிக்குப் போனவர்களின் பெற்றோரும் அப்படியே இருக்கிறார்கள், விளையாட்டு விழா படங்களும் அதில்தான். வீட்டுப்பாடம் டைரிக்கு மாறினாலும் விடுமுறை, கூட்டம் என்று அறிவிக்கக் குரூப் வேண்டுமே, என்ன செய்வது?

லேப்_பொறுப்பாளர்:

குரூப்புக்குப் பதிலாக வாட்ஸப்பில் கம்யூனிட்டி தொடங்குங்கள் டீச்சர், அதில் வருகிற அறிவிப்புக் குரூப்பை மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும், உறுப்பினர் எண்கள் அட்மினுக்குத் தெரியும், ஏற்கெனவே எண்ணைச் சேமித்து வைத்திருப்பவரைத் தவிர மற்றப் பெற்றோருக்குத் தெரியாது. அட்மினாக நீங்களும் இன்னொரு ஆசிரியரும் இருந்தால் போதும், பள்ளிக்கென்று தனி சிம் இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் சொந்த எண்ணும் காப்பாற்றப்படும். சேரும் லிங்க்கை எங்கும் ஃபார்வர்டு செய்யாமல், எமிஸில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு நீங்களே பெற்றோரைச் சேர்த்துவிடுங்கள். ஜூனில் வகுப்பு மாறும்போது பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பழைய படங்களை இனி எல்லோர் போனிலிருந்தும் அழிக்க வழியில்லை, அந்த வசதி அனுப்பிய ஓரிரு நாளுக்குத்தான். குரூப்பை மூடுவதற்கு முன் பெற்றோரிடம் சொல்லி அவரவர் போனில் அழிக்கச் சொல்லுங்கள். கேலரியில் தானாக ஏறியிருக்கும், அங்கேயும் பார்க்க வேண்டும். சாட்ஸ் செட்டிங்கில் மீடியா விசிபிலிட்டி என்று இருப்பதை அணைத்துவிட்டால் இனி வருவது கேலரிக்குப் போகாது, அதையும் கூட்டத்தில் பிள்ளைகள் கையாலேயே மாற்றிவிடுங்கள்.